தனியாக நிற்கும் பிள்ளைக்கு உதவப் போய்ச் செய்யும் தவறுகள்

பேருந்து நிலையத்தில் ஒரு பிள்ளை தனியாக அழுதுகொண்டு நிற்கிறது. கூட்டம் கூடுகிறது. யாரோ ஒருவர் படம் பிடித்து, ‘பெற்றோரிடம் சேரும்வரை பகிருங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார். நல்ல மனசுதான். ஆனால் பிள்ளை வீடு போய்ச் சேர்ந்த பிறகும் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். அடி தாங்காமல் ஓடி வந்த பிள்ளை என்றால், அடித்தவருக்கே இடத்தைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். இப்படி அடையாளம் வெளியாவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே.

‘ரெண்டு நாள் நம்ம வீட்டில் இருக்கட்டும்’ என்று கூட்டிப் போவதும் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ போலீசுக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவித்தாக வேண்டும். பிள்ளையில்லாத தம்பதிக்குக் கைமாற்றிக் கொடுப்பது தத்து ஆகாது. அது குற்றம்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. கணவனை இழந்த பெண் கூலி வேலைக்குப் போகிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ‘இல்லத்தில் சேர்த்துவிடு, மூன்று வேளைச் சோறாவது கிடைக்கும்’ என்று ஊரே யோசனை சொல்லும். இல்லங்களில் ‘ஆதரவற்றவர்கள்’ என்று நாம் பிறந்தநாள் சாப்பாடு போடும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். இல்லம் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம்.

அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய யோசனை, மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான ‘மிஷன் வாத்சல்யா’வின் நிதி ஆதரவு. தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். பிள்ளை வீட்டிலேயே வளரும். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மனு கொடுக்க வேண்டியது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். அது பல ஊர்களில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே இருக்கும். வருமானச் சான்று, இறப்புச் சான்று என்று அலைச்சல் உண்டு. கூலி வேலைக்காரிக்கு அலைச்சல் என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. துணைக்கு ஒருவர் போய், படிவத்தை நிரப்பிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

இல்லத்துக்கே கொடுப்பேன் என்பவர்கள், கேக் வெட்டும் முன் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் டிரஸ்ட் பத்திரத்தைக் காட்டுவார்கள். அது வேறு, இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் வாங்கிய பதிவு வேறு.