சருகுக்குள் ஓடும் சாப்பாட்டுச் சங்கிலி: புனல் வைத்து எண்ணும் முறை

கூட்டிக் குவித்துக் கொளுத்தும் சருகுக்குள் எத்தனை உயிர் இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தவர்களுக்கு, அப்புறம் தீக்குச்சியைக் கிழிக்கக் கை வராது. மரத்தின் இலையில் பச்சையாக மேயப்படுவது சிறு பங்குதான். மிச்சம் அத்தனையும், வெயிலில் பிடித்த ஆற்றலோடு, பழுத்து உதிர்ந்து தரைக்கு வருகிறது. அதைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் தின்கின்றன. பூஞ்சையை நுண்பூச்சிகள் மேய்கின்றன. அவற்றைச் சிலந்தியும் பூரானும் பிடிக்கின்றன. கடைசியில் தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து இலையைப் புரட்டிக் கொத்துகிறது. இந்தச் சங்கிலியை வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம்.

இதற்கான புனலை 1905இல் அமைத்தவர் இத்தாலியப் பூச்சியியலாளர் அன்டோனியோ பெர்லீசி. சருகை மேலிருந்து காயவைத்தால் உள்ளே இருப்பவை வெளிச்சத்துக்கும் வறட்சிக்கும் பயந்து கீழே இறங்கும். இவ்வளவுதான் சூட்சுமம்.

ஓட்டையாகிக் கழித்த 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை நடுவில் அறுத்து, மேல்பாதியைத் தலைகீழாக்குங்கள். மூன்று செங்கல்களை நிறுத்தி அவற்றின்மேல் உட்காரவைத்து, கேன் வாய்க்கு நேர் கீழே ஒரு கண்ணாடிக் குப்பியை வையுங்கள். உள்ளே, கழுத்துக்குச் சற்று மேலே, 5 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலையைப் பொருத்துங்கள், சருகைப் பரப்புவது இதன்மேல்தான். கொசுவலையைப் போட்டால் மரவட்டை மேலேயே சிக்கிச் செத்துவிடும். கண் பெரிதானால் மண் முழுவதும் குப்பியில் கொட்டும். குப்பியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், அதில் பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் ஸ்பிரிங்டெயில் என்னும் துள்ளுபூச்சிகள் நனையாமல் மிதந்து, குதித்தே வெளியேறிவிடும்.

மேலே 40 வாட் குண்டு பல்பு. எல்இடி விளக்கில் போதிய சூடு வராது. முதல் நாள் சருகிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, மறுநாள் 20க்கு இறக்குங்கள். அதற்குக் கீழே வேண்டாம், காய்ந்த சருகு பற்றிக்கொள்ளும். ஆளில்லாத நேரத்தில் அணைத்துவிடுங்கள். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான்: சீக்கிரம் முடிய வேண்டும் என்று 100 வாட் பல்பைப் போடுகிறார்கள். மேலடுக்கு ஒரே மூச்சில் காய்ந்து, மெல்ல நகரும் பூச்சிகள் இறங்கும் முன்பே கருகிப்போகின்றன. பிறகு “இங்கே ஒன்றுமே இல்லை” என்று எழுதிவைக்கிறார்கள். சருகு கையில் நொறுங்கும் பதம் வரும்வரை, மூன்று நான்கு நாள், பொறுங்கள்.

சருகை எடுப்பது காலையில், வெயில் ஏறும் முன். குச்சியால் 30க்கு 30 சென்டிமீட்டர் சட்டம் கட்டித் தரையில் வைத்து, உள்ளே உள்ள சருகை மண் தெரியும்வரை அள்ளித் துணிப்பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் அவிந்துபோகும். கூட்டாத இடம், தினமும் கூட்டும் இடம், எரித்த இடம் என்று மூன்று வகை. ஒவ்வொன்றிலும் மூன்று சட்டம் போதும். மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் தோதானவை. சித்திரையில் எடுத்தால் பாதி உயிர்கள் மண்ணுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும்.

குப்பியை நாள்தோறும் வெள்ளைத் தட்டில் கவிழ்த்து, 10 மடங்கு லென்ஸால் பாருங்கள். ஆறு கால், வயிற்றுக்கடியில் மடங்கிய வால், அது ஸ்பிரிங்டெயில். எட்டுக்கால் உண்ணிகளில் (மைட்) பளபளப்பாக உருண்டு மெல்ல நகர்பவை பெரும்பாலும் பூஞ்சை மேய்பவை. நீண்ட காலோடு ஓடுபவை வேட்டைக்காரர்கள். இந்த நடையைப் பார்க்க, சருகில் ஒரு பிடியை முதலிலேயே தட்டில் உதறிவிடுங்கள். ஒரு கணுவுக்கு இரண்டு ஜோடிக் கால் மரவட்டை, சருகு தின்னும். ஒரு ஜோடியென்றால் பூரான், கடிக்கும். கொடுக்கில்லாமல் இடுக்கி மட்டும் உள்ள அரிசி அளவுப் பொய்த்தேளைக் கண்டால் கொஞ்சம் நேரம் எடுத்துப் பாருங்கள், அவ்வளவு அழகு.

சருகு தின்பவை, பூஞ்சை மேய்பவை, வேட்டையாடுபவை என்று மூன்று கூட்டமாகப் பிரித்து எண்ணுங்கள். எறும்புகளைத் தனியாக எழுதுங்கள். ஒரு புற்று சிக்கினால் கணக்கே தலைகீழாகிவிடும். எண்ணிக்கையோடு எடையும் வேண்டும், ஒரு மரவட்டைக்கு ஈடாக எத்தனையோ ஸ்பிரிங்டெயில் தேவைப்படும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சுமார் 10 சதவீத ஆற்றலே ஏறும் என்று படித்திருப்போம். அது தோராயச் சராசரி. உங்கள் தட்டில் அந்த விகிதம் அப்படியே வராது, காரணம் தட்டில் இருப்பது ஒருநாள் இருப்பு மட்டும். ஸ்பிரிங்டெயில் வேகமாகப் பெருகுவதால், குறைந்த இருப்பே நிறைய வேட்டைக்காரர்களுக்குச் சோறு போடும்.

பல்வகைமையை ஒரே எண்ணாகச் சொல்ல சிம்ப்சன் கணக்கு போதும். ஒவ்வொரு வகையின் பங்கையும் வர்க்கமாக்கிக் கூட்டி, 1இலிருந்து கழியுங்கள். ஐந்து வகை, தலா 20 என்றால் 0.80. அதே ஐந்து வகையில் ஒன்று மட்டும் 80, மற்றவை தலா 5 என்றால் 0.35. வகை குறையாமலே பல்வகைமை சரிவதை இது காட்டிக்கொடுக்கும்.

இந்த உயிர்கள் செய்யும் வேலையை அளக்க இன்னொரு வழி சருகுப்பை. புதிதாக உதிர்ந்த பழுத்த இலையை நிழலில் உலர்த்தி, 10 கிராம் வீதம் 20 சென்டிமீட்டர் சதுரப் பைகளில் தையுங்கள். பாதிப் பைகள் 5 மில்லிமீட்டர் வலையில், பாதி நெருக்கமான ஆர்கன்சா துணியில். மரத்தடிச் சருகுக்கு அடியில் வைத்து 30, 60, 90 நாளில் எடுத்து, மண்ணைத் தூரிகையால் தட்டி, உலர்த்தி எடை போடுங்கள். துணிப்பையில் நுண்ணுயிர்களும் மிகச் சிறியவையும்தான் நுழைய முடியும். இரண்டு பைகளுக்கும் உள்ள எடை வித்தியாசம் பெரும்பாலும் பூச்சிகளின் உழைப்பு. புங்க இலையும் மா இலையும் தனித்தனியாக இருக்கட்டும். மா இலை மெதுவாகத்தான் மக்கும்.

எரித்த இடத்தின் எண்கள் உங்களுக்கே வழி காட்டும். சாம்பலில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) மிஞ்சும், ஆனால் தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதி புகையோடு போய்விடும். சருகை மரத்தடிக்கே தள்ளி ஒரு சாண் உயரம் பரப்புங்கள், அடிமரத்தை ஒட்டி நான்கு விரல் இடைவெளி விட்டு. தோட்டத்தின் ஒரு மூலையையாவது ஆண்டு முழுக்கத் துடைப்பம் படாமல் விடுங்கள். மற்ற இடங்களுக்குப் பூச்சிகள் அங்கிருந்துதான் திரும்பிக் குடியேறும். புரட்டாசி, ஐப்பசியில் வடக்கிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி இரை தேடுவதும் இப்படிப்பட்ட சருகு மூலையில்தான். அந்த மாதங்களில் அங்கே சட்டம் வைக்க வேண்டாம்.