நீலகிரியில் ஏர் ரைஃபிள் பெல்லட்: வாங்குவதும் காப்பதும்

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் ஒன்பதாம் வளையத்தின் விட்டம் 5.5 மி.மீ. நடுவில் உள்ள பத்தாம் வளையம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி. சுடும் ஈயக் குண்டான பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. இவ்வளவு நெருக்கமான கணக்கில், பிடியும் மூச்சும் சரியாக இருந்தும் குண்டுகள் சிதறினால் பெல்லட் டின்னைத் திறந்து பாருங்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் ஈரமும் சேர்ந்து கெடுக்கும் என்பதால், வாங்கியதை எப்படி வைக்கிறோம் என்பதும் தேர்வில் பாதி.

தாள் இலக்குக்குத் தட்டைத்தலை பெல்லட்தான் வேண்டும். அது அட்டையில் வட்டமாக வெட்டி ஓட்டை போடும், மதிப்பெண் பார்க்க வசதி. உருண்டைத்தலை 25 மீட்டரும் அதற்கு மேலும் சுடுவோருக்கு. பத்து மீட்டரில் அது தாளைக் கிழித்துவிடும். போட்டி ரைஃபிளுக்கு 0.53 கிராம் அளவும், பிஸ்டலுக்கு அதைவிடச் சற்று இலேசானதும் வழக்கம். பால்ஸ் எனப்படும் இரும்பு உருண்டைகளை, உள்ளே திருகு வரிகள் வெட்டிய குழலில் போடவே கூடாது, வரிகள் தேய்ந்துவிடும். ஒருமுறை சுட்ட ஈயத்தைப் பொறுக்கி மறுபடி போடுவதும் வேண்டாம். குழல் விட்டம் 4.5 மி.மீ.யைத் தாண்டினாலோ ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போனாலோ 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டும். இலக்கு அட்டை மட்டும்தான். மலை அணில், முயல், பறவை என எதைக் குறிவைத்தாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும்.

கடையில் டின்னை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். அடியில் ஈயத்தூள் கொட்டினால், மலையேறும் லாரியில் குலுங்கி ஒன்றோடொன்று உரசியிருக்கிறது. மூடி நசுங்கியதையும் எடுக்க வேண்டாம். வீட்டில் வெள்ளைத் தட்டில் ஐம்பது ஐம்பதாகக் கொட்டி, விளக்கு வெளிச்சத்தில் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்கர்ட் எனப்படும் அந்த மெல்லிய விளிம்புதான் காற்றை அடைப்பது. அது முட்டை வடிவில் நெளிந்திருந்தால் ஒரு பக்கம் காற்று கசியும், வேகம் குறையும், குண்டு கீழே விழும். தலையின் ஓரத்தில் ஈயச் சிலும்பு ஒட்டியிருந்தால் அதையும் ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்கியவை வீண் இல்லை, பயிற்சிக்கு முன் குழலைச் சூடேற்ற ஆகும்.

தலையளவு 4.49, 4.50, 4.51 எனப் பிரித்து விற்கிறார்கள். எது பொருந்தும் என்பதை உங்கள் குழல்தான் சொல்லும். நண்பரின் ரைஃபிளில் ஒரே ஓட்டையாகச் சுட்ட பெல்லட் உங்களுடையதில் சிதறலாம். அதனால் ஒவ்வோர் அளவிலும் ஒரு டின் மட்டும் வாங்கிச் சோதியுங்கள். பெல்லட் மாற்றியதும் முதல் இருபதைக் கணக்கில் எடுக்காதீர்கள், பழைய ஈயப் படிவு போகட்டும். பிறகு மணல் பை மேல் வைத்து அளவுக்குப் பத்து குண்டு. ஸ்பிரிங் விசையில் பிஸ்டன் காற்றை அமுக்கிச் சுடும் ஸ்பிரிங் ரைஃபிளை வைஸ் எனும் பிடிப்புக் கருவியில் இறுக்க வேண்டாம், அதன் அதிர்வு மாறிச் சோதனை பொய்யாகும். ஓட்டைக் கூட்டத்தின் வெளி விளிம்புகளுக்கு இடையே வெர்னியரில் அளந்து 4.5 மி.மீ. கழியுங்கள். போட்டி ரைஃபிளில் மிச்சம் 2, 3 மி.மீ. வந்தால் அந்த டின்னை விடாதீர்கள். சாதாரண ஸ்பிரிங் ரைஃபிளில் 10 மி.மீ.க்குள் வந்தாலே திருப்தி.

சிதறலின் வடிவத்தையும் பாருங்கள். மேலும் கீழுமாக நீண்டால் வேகம் ஏறி இறங்குகிறது: நெளிந்த ஸ்கர்ட் அல்லது, குழலின் பின்வாயில் காற்று கசியாமல் அடைக்கும் பிரீச் வாஷர் தேய்ந்தது காரணம். எல்லாப் பக்கமும் பரவினால் தலையளவு பொருந்தவில்லை. ஒன்பது சேர்ந்து ஒன்று மட்டும் விலகி ஓடினால் அந்த ஒன்று நெளிந்தது. தேர்ந்தபின், டின் அடியில் அச்சிட்ட லாட் எண்ணை, அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்ணைக் குறித்துக்கொண்டு அதே லாட்டில் பருவத்துக்குப் போதுமானதை மொத்தமாக வாங்குங்கள். பிராண்டை விட லாட் முக்கியம். ஒரே பெயரில் அடுத்த லாட் வேறு மாதிரிச் சுடும்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஸ்பிரிங் ரைஃபிளின் பிஸ்டன் அந்த வெளிக்காற்றைத்தான் அமுக்குகிறது, ஆகவே வேகம் குறையும், பிஸ்டன் பலமாக மோதும். மிக இலேசான ஈயமில்லாப் பெல்லட் இங்கே வேண்டாம், அது மோதலை இன்னும் கூட்டும். கோயம்புத்தூரில் சைட்டை (குறிபார்க்கும் பகுதியை) சரிசெய்தவர்கள் மேலே வந்ததும் மறுபடி சரிபாருங்கள். வேகம் போதவில்லை என்று பெல்லட்டுக்கு எண்ணெய் தடவ வேண்டாம். அமுக்கக் காற்றின் சூட்டில் எண்ணெய் வெடித்து, பிஸ்டனில் காற்றை அடைக்கும் சீல் கெடும்.

இனி ஈரம். மூடுபனி மாதங்களில் ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். மரப்பெட்டியில் வைத்தால் விரைவில் பூக்கும், மரத்திலிருந்து வரும் அமில ஆவிதான் காரணம். டின்னை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். மணிகள் நிறம் மாறியதும் காயவைத்துப் போடலாம். பனி விழுந்த காலையில் காரிலிருந்து எடுத்த குளிர்ந்த டின்னைச் சூடான அறையில் உடனே திறக்காதீர்கள், உள்ளே வியர்க்கும். அரைமணி நேரம் மூடியே இருக்கட்டும்.

வெள்ளைப் பொடி பூத்த பெல்லட் குழலுக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் கேடு. துடைத்துச் சுட நினைக்காமல், மூடி போட்ட டப்பாவில் தனியே சேர்த்து ஈயம் உருக்குவோரிடம் கொடுங்கள், ஓடைப் பக்கம் எறியாதீர்கள். எந்தப் பெல்லட்டையும் உதட்டில் கவ்வக் கூடாது. சுட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடாதீர்கள். குண்டு பிடிக்கும் பெட்டியின் அடியைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூள் பறக்கும்; ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனியாகக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.