ரிவெட் அடித்த சுவிஸ் கத்தியைப் பிரித்து உதிரிபாகம் எடுப்பது எப்படி?

பெரிய பிளேடு உடைந்த விக்டோரினாக்ஸ் கத்தி கையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கத்தரிக்கோல், ரம்பம், டப்பா திறப்பான் எல்லாம் இன்னொரு கத்திக்கு உதவும். அளவு (மடக்கிய கத்தியின் நீளம்) மட்டும் ஒத்துப்போக வேண்டும், 91 மி.மீ. கத்தியின் பாகம் 84 மி.மீ. கத்தியில் உட்காராது. நான் பிரித்தது 91 மி.மீ. ஹண்ட்ஸ்மேன் மாடல்.

வேண்டியவை: வைஸ், தட்டை அரம், 2 மி.மீ. பின் பஞ்ச் (ஆணியைத் தட்டி வெளியேற்றும் மெல்லிய கம்பி), சின்னச் சுத்தியல், ஒரு இரும்பு நட்டு, கண்ணுக்குக் கண்ணாடி. டிரில் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. பிட் கொஞ்சம் வழுக்கினாலும் துளை பெரிதாகிவிடும். அப்புறம் அந்தப் பாகம் எங்கே போட்டாலும் லொடலொடவென்று ஆடும்.

1. பல்குச்சியையும் சாமணத்தையும் உருவிவிட்டு, சிவப்புக் கைப்பிடியைக் கழற்றுங்கள். அது ரிவெட் (அடுக்குகளைக் கோத்துப் பிடிக்கும் ஆணி) தலைகளின் மேல் அழுத்தி மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான். சூடான தண்ணீரில் சற்று நேரம் போட்டு, ஓரத்தில் மெல்லிய தகட்டை நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள்.

2. உள்ளே அலுமினியத் தகட்டின் மேல் பித்தளை வளையங்கள் தெரியும். ஒரு பக்கத்தில் மட்டும் அவற்றை அராவி எடுங்கள். தகடு கீறப்படாமல் இருக்க, சுற்றிலும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

3. இனி ரிவெட்டைத் தட்டி வெளியேற்ற வேண்டும். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். எவ்வளவு தட்டினாலும் அசையாது, பஞ்ச்தான் வளையும். காரணம் ஸ்பிரிங். ஏதாவது ஒரு கருவி பாதி திறந்திருந்தால் அதன் அடிப்பகுதி ஸ்பிரிங்கைத் தூக்கிப் பிடிக்கும். அந்த அழுத்தம் முழுவதும் ரிவெட்டின் மேல் விழுந்து இறுக்கிவிடும். எல்லாவற்றையும் முழுசாக மடக்கிவிட்டுத் தட்டுங்கள். விரலுக்கும் அதுதான் நல்லது.

இன்னொன்று, அடியில் என்ன வைக்கிறீர்கள் என்பது. வெறும் மரக்கட்டை வைத்தால் அலுமினியத் தகடு குழிந்துவிடும். மறுபக்கத்து ரிவெட் தலை நட்டின் துளைக்குள் இறங்குகிற மாதிரி, கத்தியை நட்டின் மேல் வைத்துத் தட்டுங்கள். ஓங்கி அடிக்காமல் சின்னச் சின்னதாக.

4. ஓரத்து ரிவெட்டுகள் முதலில், நடுவில் இருப்பது கடைசியில். நடு ரிவெட்தான் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கிறது. அதை எடுக்கும்போது கத்தியைத் துணியால் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாகங்களைக் கட்டிலுக்கு அடியில்தான் தேட வேண்டும்.

ஒவ்வொரு அடுக்காக எடுக்கும்போது போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோலை மேலும் பிரிக்காமல் அப்படியே எடுத்து வையுங்கள்.

பின்சேர்க்கை: பஜாரில் வாங்கிய போலிக் கத்தியில் அரம் ஏறவே மாட்டேன் என்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அராவிய இடத்தைப் பாருங்கள். மஞ்சளாக இல்லாமல் வெள்ளையாக மின்னினால் அது இரும்பு ரிவெட். அதற்குக் கிரைண்டர்தான் வழி, அதுவும் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். சூடேறினால் பிளேடின் பதம் போய்விடும். லெதர்மேன் வேவ் என்ற மல்டிடூல் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. அதில் இருப்பது டார்க்ஸ் ஸ்க்ரூ (நட்சத்திர வடிவத் துளை உள்ளது), சரியான பிட் கிடைத்தால் போதும்.

தட்டி எடுத்த ரிவெட்டை மறுபடி பயன்படுத்த முடியாது. மாற்றுக்குப் பித்தளைக் கம்பி வாங்கும்போது பழைய ரிவெட்டைக் கடைக்குக் கொண்டுபோய் அளந்து வாங்குங்கள்.