போர்க்காலக் கலர் ஃபிலிமில் விமானியின் உடுப்பைப் பார்ப்பது எப்படி

இரண்டாம் உலகப் போர் விமானிகளின் சிறு உருவங்களுக்கு வண்ணம் தீட்டுகிறேன். 1/32 அளவில் ஓர் ஆள் ஐந்தரை சென்டிமீட்டர் உயரம்தான். ஆனால் அவர் நெஞ்சில் கிடக்கும் மிதவை அங்கி என்ன மஞ்சள் என்று முடிவு செய்யவே எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

முதல் வேலை, கையில் இருக்கும் ஃபிலிம் அன்றைக்கே கலரில் எடுத்ததா, கறுப்பு வெள்ளைக்குப் பிற்காலத்தில் நிறமேற்றியதா என்று பார்ப்பது. ஆரம்பத்தில் நான் இதைச் செய்யவில்லை. நிறமேற்றிய ஒரு துண்டை நம்பி, தண்டர்போல்ட் என்ற அமெரிக்கப் போர் விமானத்தின் விமானி ஒருவரின் மிதவை அங்கிக்கு மங்கிய காக்கி அடித்துவிட்டேன். அமெரிக்கர்களின் பி-4 அங்கி நல்ல மஞ்சள். கடலில் விழுந்தவர் தேடுபவர்களின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே அந்த நிறம். முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

அன்று பெரும்பாலும் ஓடியது 16 மி.மீ. கொடாக்ரோம். 1935இல் வந்த ஃபிலிம். அதன் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், இன்றைய ஐ.எஸ்.ஓ. கணக்கில் 10 அளவுதான், நல்ல வெயில் இல்லாமல் படம் ஏறாது. அதனால் மங்கிய கொட்டகைக்குள் கலர் தெளிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அப்புறம் தோலைப் பாருங்கள். அசல் ஃபிலிமில் மூக்கும் கன்னமும் வெயிலில் சிவந்திருக்கும், நெற்றி வெளுத்திருக்கும். நிறமேற்றியதில் முகம், காது, கை எல்லாம் ஒரே பூச்சாக இருக்கும்; தோல் வார், ஜாக்கெட்டின் நிறத்தையே வாங்கிக்கொள்ளும்.

தொடங்க நல்ல இடம் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம். கோர்சிகா தீவில் இருந்த 57ஆவது ஃபைட்டர் குரூப் என்ற அமெரிக்கப் போர் விமானப் பிரிவை 1944இல் இயக்குநர் வில்லியம் வைலரின் குழு எடுத்த சுருள்களைத் தேடுங்கள். தண்டர்போல்ட் விமானங்களுக்குள்ளேயே கேமராவைப் பொருத்தியிருந்தார்கள், அதனால் பறக்கும்போது விமானியின் முகத்தையே பார்க்கலாம். நொடிக்கு 60 ஃபிரேம் என்று மெருகேற்றிய பிரதிகள் வேண்டாம். இல்லாத ஃபிரேம்களைக் கணினி ஊகித்து நிரப்பும்போது மெல்லிய வார்கள் கரைந்துவிடுகின்றன. வி.எல்.சி. வீடியோ பிளேயரில் ஆங்கில 'E' விசையை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும்.

ஆளைப் பார்க்கும் முன் விமானத்தைப் பாருங்கள், காலம் தெரிந்துவிடும். அமெரிக்க விமானத்தின் நட்சத்திரச் சின்னத்தைச் சுற்றிச் சிவப்பு விளிம்பு இருந்தால் 1943 நடுப்பகுதி. சில மாதங்களிலேயே அதை நீலமாக்கிவிட்டார்கள். பிரிட்டனிலிருந்து பறந்த விமானத்தில் இறக்கையின் மேலும் கீழும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் முழுதாக இருந்தால், 1944 ஜூனில் நார்மண்டித் தரையிறக்கம் நடந்த நாட்கள்.

சரி, இப்போது ஆள். தலையில் பழுப்புத் தோல் ஹெல்மெட்டா, வெயில் நாடுகளில் போட்ட காக்கித் துணி ஹெல்மெட்டா என்று பாருங்கள். கண்ணாடி இரண்டு வில்லையா, ஒரே வளைந்த தகடா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் அதிக நேரம் நிற்பது ஏ-14 ஆக்ஸிஜன் மாஸ்க்கில். இறங்கியதும் ஒரு பக்கக் கொக்கியைக் கழற்றிவிட்டு அப்படியே தொங்க விடுவார்கள். கன்னத்தில் மாஸ்க் அழுத்திய தடம் அப்போதும் சிவந்து கிடக்கும். அந்தக் கோட்டை மெல்லிய தூரிகையால் போட்டுவிட்டால் உருவத்துக்கு உயிர் வந்துவிடுகிறது. மாஸ்க்கின் மடிப்புக் குழாய் எங்கே போகிறது என்றும் தொடர்ந்து பாருங்கள், நெஞ்சருகே ஒரு கிளிப்பில் மாட்டியிருக்கும். பாராசூட் வார்கள் மிதவை அங்கிக்கு மேலேதான் வரும். பல பொம்மைப் பெட்டி ஓவியங்களில்கூட இதைத் தவறாகப் பார்த்திருக்கிறேன்.

1944இன் பிற்பகுதிக் காட்சி என்றால் இடுப்பிலிருந்து தனியாக ஒரு ரப்பர் குழாய் தொங்குகிறதா பாருங்கள். அது ஜி-சூட். கூர்மையான திருப்பங்களில் ரத்தம் காலுக்கு இறங்காமல் வயிற்றையும் தொடையையும் காற்றால் இறுக்கும் உடுப்பு. பூட்ஸுக்கு நான் அதிகம் மெனக்கெடுவதில்லை, இறக்கையில் ஏறும்போது மட்டும்தான் தெரியும்.

நிறத்தை எடுக்கும்போது நிழலில் நிற்கும் ஆளை விட்டுவிடுங்கள். கொடாக்ரோமில் நிழல் நீலமாகச் சாயும். அதே ஃபிரேமில் வெயில் படும் வெள்ளை நட்சத்திரம் வெள்ளையாகத்தான் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு மஞ்சளைக் கலக்குங்கள். கழுத்து உரசும் விளிம்பில் மட்டும் ஒரு துளி பழுப்பு சேர்க்கிறேன்.