சிறிய ஜெனரேட்டரை இன்வெர்ட்டர் ஏற்க மறுத்தால்

சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தும் வீட்டு இன்வெர்ட்டர் அந்த மின்சாரத்தை ஏற்காமல் பேட்டரியிலேயே இயங்கினால், அதிலுள்ள சுவிட்சை ‘யுபிஎஸ்’ நிலையிலிருந்து ‘நார்மல்’ நிலைக்கு (சில மாடல்களில் ‘ஈகோ’) மாற்றிவிடுங்கள்.

யுபிஎஸ் நிலையில் பல இன்வெர்ட்டர்கள் ஏறத்தாழ 180 முதல் 260 வோல்ட் வரை மட்டுமே ஏற்கும். நார்மல் நிலையில் அந்த வரம்பு ஏறத்தாழ 100 முதல் 290 வோல்ட் வரை விரியும். சாதாரணச் சிறு ஜெனரேட்டரின் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால்தான் வீட்டு மின்சாரத்துக்குரிய 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கிடைக்கும் என்பதால், இன்வெர்ட்டர் சார்ஜ் ஏற்றத் தொடங்கிச் சுமை கூடியதும் எஞ்சின் திணறி, வோல்டேஜும் சரிந்து, இன்வெர்ட்டர் துண்டித்துக்கொள்கிறது. சுமை நீங்கியதும் எஞ்சின் மறுபடி வேகமெடுக்க, மீண்டும் இணைகிறது. சில நொடிகளுக்கு ஒருமுறை உள்ளேயிருந்து ‘டக், டக்’ என்று ரிலே (இணைப்பை மாற்றும் தானியங்கிச் சுவிட்ச்) விழும் ஓசை பெரும்பாலும் இதனால்தான், இன்வெர்ட்டர் பழுதினால் அன்று.

நார்மல் நிலையில் பேட்டரிக்கு மாறும் நேரம் சற்று நீளுவதால் மேசைக் கணினி அணைந்து மறுபடி தொடங்கக்கூடும். தாழ்ந்த வோல்டேஜையும் அது அப்படியே வீட்டுக்குள் விடும் என்பதால், இன்வெர்ட்டர் இணைப்பில் ஃபிரிட்ஜ் இருந்தால் அதன் பிளக்கைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். சுமையே இல்லாதபோதும் மல்டிமீட்டரில் வோல்டேஜ் தாறுமாறாக ஏறி இறங்கினால், ஜெனரேட்டரின் ஏவிஆரைத்தான் (வோல்டேஜைச் சீராக வைக்கும் பாகம்) முதலில் சோதிக்க வேண்டும். அங்கே இந்தச் சுவிட்ச் உதவாது. இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் (மின்னணு முறையில் சீரான மின்சாரம் தருவது) வைத்திருப்பவர்களுக்கு இந்த மாற்றம் பொதுவாகத் தேவைப்படாது.