செனட் தேர்தல்: வாக்குப்பதிவுக்கு முன்பே நேரும் தவறுகள்

மும்பைப் பல்கலைக்கழகத்தின் பேரவையான செனட்டில் பதிவு பெற்ற பட்டதாரிகளுக்குப் பத்து இடங்கள் உண்டு. ஐந்து பொது இடங்கள், ஐந்து இடஒதுக்கீட்டுக்கு உரியவை. சட்டமன்றத் தேர்தலுக்குப் பழகிய மனத்தோடு இதை அணுகுபவர்களே பெரும்பாலும் தவறு செய்கிறார்கள்.

பட்டம் இருந்தாலே வாக்குரிமை உண்டு என்று நினைப்பது முதல் தவறு. உரிய காலத்தில் விண்ணப்பித்துப் பதிவு செய்துகொண்டவர்க்கே வாக்கு. பழைய பட்டியலில் பெயர் இருந்ததே என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. 2023இல் ஒரே பெயர் பலமுறை இடம்பெற்றிருப்பதாகப் புகார் எழுந்து, அறிவிக்கப்பட்ட தேர்தலே நிறுத்தப்பட்டு, பின்னர் பட்டியல் புதிதாகத் தயாரிக்கப்பட்டது.

வாக்குச்சீட்டில் டிக் அடிப்பது அடுத்த தவறு. இது விகிதாசாரத் தேர்தலில் ஒரு வகையான ஒற்றை மாற்று வாக்கு முறை. விருப்ப வரிசையை 1, 2, 3 என எண்களால் குறிக்க வேண்டும். 1 இல்லாத சீட்டும், இருவருக்கு 1 இட்ட சீட்டும் செல்லாதவை. இரண்டாம் விருப்பம் தந்தால் முதல் வேட்பாளருக்குப் பாதகம் என்று அஞ்சி 1 மட்டும் போட்டு நிறுத்துபவர்கள் பலர். அந்த அச்சத்துக்கு அடிப்படையே இல்லை. ஐந்து இடங்களுக்கு 6,000 செல்லத்தக்க வாக்குகள் பதிவானால் வெற்றிக்குத் தேவை 1,001. ஒருவர் 1,401 பெற்றால் மிகுதியான 400 வாக்குகளின் மதிப்பு அடுத்த விருப்பங்களுக்குச் செல்லும். கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டால் அவருடைய சீட்டுகளும் அப்படியே நகரும். உங்கள் முதல் வேட்பாளர் வென்ற பிறகோ நீக்கப்பட்ட பிறகோதான் இரண்டாம் எண்ணையே பார்ப்பார்கள். அந்த எண் இல்லாத சீட்டு அங்கேயே முடிந்துவிடும்.

விகிதாசார முறை என்பதால் எல்லாத் தரப்புக்கும் தானாகப் பங்கு கிடைத்துவிடும் என எண்ணுவதும் பிழை. 2018இலும் 2024இலும் சிவசேனாவின் இளைஞர் அணியான யுவசேனாவே பத்து இடங்களையும் வென்றது. பட்டதாரிகளைப் பதிவு செய்ய வைப்பதில் முந்திக்கொண்ட அணிக்கே இத்தகைய தேர்தலில் பாதி வெற்றி என்பது என் கணிப்பு, பிரசாரம் பிறகுதான்.

நிர்வாகத்தின் தவறு வேறு வகை. 2024 செப்டம்பர் 22இல் நடக்கவிருந்த வாக்குப்பதிவு கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டு, மும்பை உயர் நீதிமன்றம் தலையிட்ட பின் 24ஆம் தேதி நடந்தது. பட்டியல் மீதான ஆட்சேபங்களை, இறுதிப் பட்டியல் வெளியாகும் முன்பே எழுத்துபூர்வமாகக் கேட்டு முடித்துவிட வேண்டும்.