டயாலிசிஸ் செய்பவர்களுக்கு வரும் அரிப்பு

டயாலிசிஸில் இருக்கும் அப்பா ராத்திரி எழுந்து கதவு நிலையில் முதுகைத் தேய்ப்பதைப் பார்த்தால் மனசு தாங்காது. சொறி, படை எதுவும் இருக்காது. தோல் மட்டும் வறண்டு சாம்பல் பூத்திருக்கும். சிறுநீரக நோயில் இது சகஜம்தான், ஆனால் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரமாகக் குளித்து முடிக்க வையுங்கள். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரை முதுகு, கை, கால் முழுக்கத் தடவுங்கள். தினம் இரண்டு வேளை. நகத்தையும் ஒட்ட வெட்டிவிடுங்கள்.

அப்புறம், அரிப்பைக் கூட்டக்கூடிய பாஸ்பரஸைக் குறைக்கத் தரும் மாத்திரை. அதைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். உணவில் இருக்கும் பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வைப்பதுதான் அதன் வேலை; இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் பெரிதாகப் பலன் இல்லை. பாஸ்பரஸ் இருக்கும் கோலா பானங்கள் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு செய்தும் தூக்கம் கெட்டால், கடையில் அலர்ஜி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். தூக்க மயக்கம்தான் வரும், அரிப்பு பெரும்பாலும் நிற்காது. அடுத்த டயாலிசிஸ் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா என்று பார்ப்பார். தேவைப்பட்டால் காபாபென்டின் மாதிரி மருந்தை மிகக் குறைந்த அளவில் தருவார். அடுத்த படுக்கைக்காரரின் சீட்டைப் பார்த்து அதை நீங்களாக வாங்கிவிடாதீர்கள்.